தலையணையும் பதினாறு படிகளும்

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு... இருக்கிறேன். இடது முழங்காலை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

ஆபரேஷனில் எனக்கு வேலையே இல்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், டாக்டர் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பம்.

மூன்றாவது வாரம். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக் கீழ் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன். ஒருவர் மனைவியோடு வந்தார். என் மகன் அவர்களை நேரே மாடிக்கு அழைத்துப் போனான். சற்று நேரத்தில் மேலேயிருந்து குரல்: "காத்து நல்லா வருது சார். எப்ப குடி வரலாம்?"

குடியா? அது என் மாடி ஐயா! என் மேஜை, என் புத்தகங்கள், ஜன்னலைத் திறந்தால் யானைமலை. பதினெட்டு வருடமாக இந்தப் பத்தியை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அவர்கள் போனதும் மகனைப் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டுப்பா?"

"இல்லம்மா... இனிமே நீங்க எங்க மாடி ஏறப் போறீங்க? மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லிருக்கேன்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஏற மாட்டேன் என்று யார் சொன்னது?

ஆனால் ரோஷப்பட்டால் போதுமா? கால் ஒத்துழைக்க வேண்டுமே! வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றால், இடது கால் நிமிரவே இல்லை. மடங்கியபடியே நின்றது. பிசியோதெரபி எல்லாம் எதற்கு, ரெஸ்ட் எடுத்தால் போதும் என்று வீடே கூடி முடிவெடுத்திருந்தது. அன்றைக்கு நானே போன் போட்டு ஷபானாவை வரவழைத்தேன். தெற்குவாசல் பெண். வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள்.

ஹாலுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அந்தத் தலகாணிய யாரும்மா வச்சது?"

என் மதினிதான். கணவரின் அக்கா, என்னைக் கவனித்துக்கொள்ளவென்றே மேலூரிலிருந்து பெட்டியோடு வந்திருப்பவர். முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை வைத்திருந்தார். சுகமோ சுகம்! பார்க்க வந்த சொந்தபந்தங்களும் சும்மா போகவில்லை. ஆப்பிள் பையை வைத்த கையோடு, "பாவம்" என்றபடி ஆளுக்கொரு தரம் தலையணையை உயர்த்திவிட்டுப் போனார்கள். ஒருவர் தன் பங்குக்கு இன்னொன்றையும் அடுக்கினார்.

"சுகமாத்தாம்மா இருக்கும்," என்றாள் ஷபானா. "ஆனா மடக்கின வாக்குலயே கெடந்தா முட்டி இறுகிரும். அப்புறம் நிமிராது. தலகாணி வேணும்னா குதிகாலுக்குக் கீழ வைங்க. முட்டிக்கு அடியில ஆகவே ஆகாது."

மதினியின் முகம் சுருங்கிவிட்டது. "ஆத்தீ... நாந்தேன் கெடுத்துட்டேனா?"

அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. இரண்டு தலையணைகளையும் உருவி எறிந்தேன். நம் ஊரில் நோயாளி மேல் பாசம் வைப்பது என்றால், அசையவிடாமல் வைப்பது என்று அர்த்தம் போலிருக்கிறது!

அதற்குப் பிறகு மூன்று வாரம். குதிகாலைச் சுருட்டிய துண்டின் மேல் வைத்து முழங்காலைக் கீழே அழுத்து... பத்து தரம். மடக்கு, நீட்டு. ஐஸ் வை. மறுபடி அழுத்து. வலித்ததா? உயிர் போனது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"விட்ருத்தா, இந்த வயசுல எதுக்கு இம்புட்டு ரோசம்?" என்றார் மதினி.

பிறகு எந்த வயதில் ரோஷப்படுவது? அறுபத்தாறு வயதில் புது முழங்கால் வைத்தது நடக்கத்தானே – படுக்கையில் போட்டு அழகு பார்க்கவா? இதை மதினியிடமும் கேட்டேன்.  மறுநாளிலிருந்து அவரே வாட்ச்மேன் ஆகிவிட்டார். விசாரிக்க வந்தவர் யாராவது தலையணைப் பக்கம் கையைக் கொண்டுபோனால், "அத அங்கிட்டு வைங்க!" என்று ஓர் அதட்டல்.

கால் நிமிர்ந்தது. ஷபானா முதலில் மூன்று படி ஏறவைத்தாள். அப்புறம் ஆறு. "ஏறும்போது நல்ல காலு முதல்ல. எறங்கும்போது ஆபரேசன் காலு முதல்ல. அம்புட்டுத்தாம்மா." போன வெள்ளிக்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் அவள் நிற்க, பதினாறு படியும் ஏறினேன். மேஜை மேல் ஆறு வாரத்துத் தூசி. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடியே, மாடிக்குக் குடிவரக் கேட்ட அந்த மனிதர் வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் மகன் கீழே விழித்துக்கொண்டிருந்தான். நான் மாடிப்படி உச்சியிலிருந்து குரல் கொடுத்தேன். "வாங்க தம்பி, ஏறி வாங்க!"

எட்டாவது படியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. ஒரு கை முழங்காலைப் பிடித்திருந்தது. "ரெண்டு வாரமா முட்டி வலிங்கம்மா... படி ஏறுனா உயிர எடுக்குது."

"அப்ப மாடி உங்களுக்கு ஒத்துவராது தம்பி," என்றேன். "கீழ ஹால்ல ஒரு கட்டில் காலியாத்தான் கெடக்கு. தலகாணி மட்டும் கேக்காதீங்க!"