பெரியவர் குடும்பம்

லாயத்தில் அந்தக் குதிரையை எல்லோரும் ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வயதால் அல்ல, நடையால். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் காலாற உலாவுவது போல நடக்கும். குறுகிய தூரப் பந்தயம் எதில் விட்டாலும், மற்ற குதிரைகள் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இது அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தபடி வந்து சேரும். அதைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் குதிரைக்காரருக்கு முகம் தொங்கிப்போகும்.

“அதைச் சொல்லிக் குத்தமில்ல. வளக்குறவரு எப்படியோ அப்படி,” என்பாள் அவர் மனைவி.

ஒருமுறை நெடுந்தூரப் பந்தயத்துக்குக் குதிரைகள் போதவில்லை. ஒப்புக்குச் சப்பாணியாகப் பெரியவரைச் சேர்த்தார்கள். முதல் சுற்றில் வழக்கம்போலக் கடைசி. அடுத்த சுற்றில் மற்றவை ஒவ்வொன்றாகத் துவண்டன. பெரியவர் மட்டும் புறப்பட்ட அதே வேகத்தில், ஒவ்வொருவரையும் குசலம் விசாரிப்பது போலக் கடந்து முதலில் வந்துவிட்டார். வந்தவர் நிற்கவுமில்லை. “யாராவது நிறுத்துங்களேன்!” என்று ஜாக்கி கத்தக் கத்த இன்னொரு சுற்றும் கிளம்பினார். குதிரைக்காரர் வேலியைத் தாண்டிக் குதித்து, “போதும்யா, ஜெயிச்சாச்சு, வாய்யா!” என்று கெஞ்சிய பிறகுதான் நின்றார்.

அப்புறம் என்ன, நெடுந்தூரக் கோப்பை என்றாலே பெரியவர்தான். சில வருடங்களில் முட்டி வீங்கியதும், இனவிருத்திக்காக ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு அவரை அனுப்பினார்கள்.

அங்கேதான் வந்தது வினை. எந்தப் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புல் மேய்ந்தார். டாக்டர் கைவிரித்துவிட்டார். பண்ணை மேலாளர் வேறு வழியில்லாமல் குதிரைக்காரரை வரவழைத்தார். அவர் வந்து ஓரமாக நின்றதுதான் தாமதம், பெரியவர் ஒரு கனைப்புக் கனைத்துக் கடமையில் இறங்கினார். அன்றிலிருந்து குதிரைக்காரருக்கும் பண்ணையிலேயே வேலை.

“அங்க உங்களுக்கு என்னதான் வேலை?” என்று போனில் கேட்டாள் மனைவி.

“நிக்கணும்.”

“நின்னு?”

“பாக்காத மாதிரி நிக்கணும்.”

இது அவளுக்குச் சரிப்படவில்லை. மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினாள். “இந்த மூஞ்சிக்கா இவ்வளவு பவுசு?” என்றபடி கொட்டடிக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியவர் நேராக வந்து அவள் தோளில் முகத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கை தானாக அவர் பிடரியைக் கோதத் தொடங்கியது. அதன் பிறகு அவள் சீவினால்தான் பிடரி, அவள் கொடுத்தால்தான் கேரட்.

“கட்டுன புருஷனுக்குத் தண்ணி குடுக்க ஆளில்ல,” என்று முணுமுணுத்தார் குதிரைக்காரர்.

“நீங்க என்னைக்காவது தோள்ல சாஞ்சிருக்கீங்களா?”

அவர் குட்டிகள் பக்கம் போய்விட்டார். பெரியவரின் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதே பிறகு அவருடைய வேலையாயிற்று. அவற்றில் ஒரு பெண்குட்டி வளர்ந்து நெடுந்தூரப் பந்தயத்தில் முதலாவதாக வந்த அன்று, கணவன் மனைவி இருவரும் வேலியோரம் நின்றிருந்தார்கள். குதிரைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

“ஐயே, பொண்ணைக் கட்டிக் குடுத்த மாதிரி அழாதீங்க!” என்றாள் அவள். கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.