எழுதி வாங்கும் தெரு

எங்கள் தெருவில் எதற்கும் எழுதி வாங்குவார்கள். குடித்துவிட்டு அடுத்தவன் வாசலில் கத்தினாலும் சரி, பெற்ற பிள்ளையை ரத்தம் வர அடித்தாலும் சரி, ஒரு வெள்ளைத்தாள், ஒரு கையெழுத்து, இரண்டு சாட்சி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. அப்போது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தச்சநல்லூரில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி, பெரியம்மா மகன் குடியிருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளை ஒருநாள் பெல்ட்டால் விளாசினான். பக்கிள் அவள் முதுகில் பதிந்துவிட்டது. தெரு கூடியது. கடைக்கார அண்ணாச்சி என்னிடம், "ஏலே, நீதான படிச்சவன். பிசிறில்லாம எழுது. பைய முடிச்சு விட்டுருவோம்" என்றார்.

'இனி என் மகளை எக்காரணம் கொண்டும் துன்புறுத்த மாட்டேன்' என்று எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டான். அதன்பின் அந்த வீட்டை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் எழுதி வாங்கியாயிற்றே.

இரண்டு மாதத்தில் இன்னொரு தாள்.

மூன்றாம் தடவை அவள் கை ஒடிந்தது. மாடிப்படியில் விழுந்தாள் என்றார்கள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மாவுக்கட்டு காயும்போது சொன்னாள்: "சித்தப்பா, நீங்க எழுதுத அன்னைக்குத்தான் அப்பா ரொம்ப அடிப்பாங்க. ஊரக் கூட்டிட்டியேன்னு."

அங்கிருந்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். விசாரிக்க வந்த பெண் அதிகாரி, அப்பா முன்பு அடித்திருக்கிறாரா, குடிப்பாரா, பிள்ளையின் தாயையும் அடிப்பாரா, நம்பிச் சொல்ல அவளுக்கு யாராவது உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் பதில் தெருவுக்கே தெரியும். தெரிந்துதான் நானும் எழுதிக் கொடுத்தேன்.

அன்று அவளை வீட்டுக்கு விடாமல் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அண்ணாச்சி தாளோடு வந்தார். அண்ணனும் பின்னாலேயே.

"கடைசியா ஒரு தடவ எழுதுலே. பிள்ள வீட்டுக்கு வந்துரட்டும்."

"மாட்டேன் அண்ணாச்சி."

"எம்பிள்ளய நான் கண்டிக்கேன். நடுவுல நீ யாருலே?" என்றான் அண்ணன்.

"நீ கண்டிச்ச லட்சணம் எக்ஸ்ரேல நல்லாத் தெரியுதுண்ணே."

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "சொந்தக்காரனக் காட்டிக் குடுக்கவால உன்னப் படிக்க வச்சேன்?"

"ஆமாம்மா" என்றேன்.

அண்ணாச்சி மகன் எழுதித் தந்தான். அந்தத் தாளோடு குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனார்கள். நானும் போனேன். நல்லா எழுதியிருக்கிறேன் என்று ஆசையாய்ப் படம் பிடித்து வைத்திருந்த பழைய தாள்கள் இரண்டையும் போனில் காட்டினேன். படித்துப் பார்த்த உறுப்பினர், யார் எழுதியது என்றார். நான்தான் என்றேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. பாளையங்கோட்டையில் ஓர் இல்லத்தில் இருக்கிறாள். தெரு என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. என்னைப் பார்க்க அவளுக்கும் விருப்பமில்லையாம். அது நியாயம். கட்டு பிரித்தாயிற்று, கை கூடிவிட்டது என்று இல்லத்து அம்மா போனில் சொன்னார்.