பெட்ரோல் ஆடும் சத்தம்

என் வண்டியை வரும் ஞாயிற்றுக்கிழமை திருக்கனூர்க்காரர் ஒருவருக்கு விற்பதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

வண்டி என்றால் ஸ்கூட்டி இல்லை, கியர் வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி அடித்துப் பால் கேன் மாட்டியிருப்பேன். ஏம்பலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் மூன்று மாடு. விடிவதற்குள் கறந்து, சொசைட்டிக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மீதியைக் கரிக்கலாம்பாக்கத்து டீக்கடைகளுக்கும் அங்கே புதிதாக மனை போட்ட நகர்களுக்கும் கொண்டுபோவேன். வயலை வாங்கி வீடு கட்டியவர்கள் பாக்கெட் பால் வேண்டாம் என்று எனக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வண்டி போனால் இதெல்லாம் போச்சு. இரண்டு கேனோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பார்க்கிற பார்வையிலேயே பால் திரிந்துவிடும்.

விற்பதற்கு அவர் சொன்ன காரணம் உண்மைதான். வண்டி காலையில் கிளம்புவதில்லை. தினமும் என்றால்கூட ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம் தொட்டதும் கிளம்பும், அடுத்த வாரம் பட்டனை அமுக்கி விரல் வலித்ததுதான் மிச்சம். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. கிக்கர் அடித்தாலும் அதே கதை. எங்களிடம் முன்பு இருந்தது கார்ப்பரேட்டர் வண்டி. அதற்குச் சோக்கை இழு, ரிசர்வில் போடு, பிளக்கைத் துடை என்று தெருவில் நாலு பேருக்கு வைத்தியம் தெரியும். இது இன்ஜெக்‌ஷன் வண்டி. இதற்கு வைத்தியம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நாலு பேரும் வந்து பார்த்தார்கள்.

கிளம்பாத நாளில் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவைக் கெஞ்சிப் பாலை அனுப்புவேன். வெயில் வந்தபிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டு முனையில் இருக்கும் மெக்கானிக் பாய் கடைக்குப் போவேன். பாய் சாவியைப் போட்டு பட்டனைத் தொடுவார். வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். எனக்கு எப்படி இருக்கும்? வியர்த்து வழிய நின்று, "காலையில நெஜமாவே கிளம்பல பாய்" என்று நான் சத்தியம் செய்யாத குறை.

பாய் சும்மா அனுப்பிவிடவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். பிளக்கை மாற்றினார். டேங்கைத் திறந்து பம்பை எடுத்து அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜெக்டரைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துக் கழுவினார். சீட்டுக்கு அடியில் ஏதோ ஒயரில் ஒரு கருவியை மாட்டி, ஒரு கோளாறும் காட்டவில்லை என்றார். அதற்கடுத்த வாரமே வண்டி படுத்துக்கொண்டது. நான் போய்க் கண்டபடி கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் யார் என்ன என்று பார்க்கமாட்டேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இங்க வந்தா நல்லா இருக்குது. அங்க இன்னா நடக்குதுன்னு எனக்கு எப்டிமா தெரியும்? சாவியத் திருப்பினதும் டேங்குக்குள்ள ஙொய்ங்னு ஒரு சத்தம் வரும். அதான் பம்பு. அந்தச் சத்தம் வருதான்னு கேளுங்க. வண்டி கிளம்பலன்னா தள்ளிக்கிட்டு வராதீங்க. நின்ன எடத்துலயே வுட்டுட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க."

ஆனால் அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்பது? என் வீட்டுக்காரருக்குத் திருபுவனைப் பக்கம் கம்பெனி வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் வாரங்களில், நான் பால் கறக்கிற நேரத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். தூக்கக் கலக்கத்தோடேயே வண்டியைத் துடைத்து, ரோட்டைப் பார்த்துத் திருப்பி, சாவியையும் போட்டு வைத்துவிடுவார். என் இரண்டு கையிலும் கேன் இருக்குமாம். அப்படிப்பட்ட மனுஷன். நான் வருவதற்குள் பம்பு சத்தம் போட்டு ஓய்ந்திருக்கும்.

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வண்டி கிளம்பாத வாரமெல்லாம் அவர் காலையில் வீட்டில் இருக்கிற வாரம். அவர் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. "நீங்க தொட்டாலே வண்டி படுத்துக்குது" என்று முன்பு கேலியாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் சிரித்தார். இரண்டாம் தரம் சொன்னபோது சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மாட்டுக் கொட்டகையில் கறந்துகொண்டே காதை வாசல் பக்கம் வைத்திருந்தேன். ஙொய்ங் என்று கேட்டது. பம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உடனே களக், களக் என்று இன்னொரு சத்தம். பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தொடையில் தாங்கி, ஹேண்டில்பார் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்து, டேங்கில் காதை வைத்துக்கொண்டிருந்தார். மீட்டரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார்.

நான் போய் பட்டனை அமுக்கினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. "இரு, பெட்ரோல் எறங்கட்டும்" என்று மறுபடியும் சாய்க்க வந்தார். பழைய வண்டியில் அதுதான் வழக்கம். டேங்கில் ஒரு பக்கம் தேங்கிய பெட்ரோல் சாய்த்தால் குழாய்ப் பக்கம் வரும். நான் அவர் கையைத் தட்டிவிட்டு பாய்க்கு ஃபோன் போட்டேன்.

"வண்டி கீழ வுழுந்துச்சா?" என்றார் பாய்.

"வுழல. சாச்சாரு."

"சாவி போட்டுக்கிட்டா?"

"ஆமா பாய்."

பாய் சிரித்துவிட்டார். "அய்யோமா! வண்டி வுழுந்தா தீப்புடிக்கக் கூடாதுன்னு உள்ள ஒரு பொட்டி வெச்சிருக்கான். அது பம்ப நிறுத்திடும். சாவி போட்டு அப்டிப் படுக்க வெச்சா, வண்டி வுழுந்துட்டுதுன்னு அது நெனச்சிக்கும். நிமித்தினாலும் நம்பாது. சாவிய அணைச்சிட்டு மறுபடி போடுங்க."

அணைத்தேன். போட்டேன். ஙொய்ங் என்றது. பட்டனைத் தொட்டதும் கிளம்பிவிட்டது. இதற்கு முன்பும் நான் சாவியை அணைத்துப் போட்டதுண்டு. போட்ட கையோடு இவர் வந்து இன்னொரு தரம் சாய்த்துவிடுவார். பாய் கடைக்குப் போகும்போது சாவியை உருவிக்கொண்டு தள்ளுவேன், அங்கே போனதும் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். இதற்கா இத்தனை மாதம் நாயாக அலைந்தேன்?

"யோவ்! நீதானாய்யா?" என்று ஆரம்பித்தேன். தெருவே கேட்டிருக்கும். "வண்டியக் கெடுக்கறதும் நீ, கெட்டுப்போச்சின்னு விக்கறதும் நீயா?"

"பெட்ரோல் இருக்குதான்னு பாத்தேன்" என்றார்.

"அதுக்குத்தான மீட்டரு வெச்சிருக்கான்? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீட்டர நம்பித்தான் அன்னிக்கும் ஒன்ன அனுப்பிச்சேன்."

எனக்கு முதலில் என்றைக்கு என்றே புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், விடியாத நேரத்தில், வாய்க்கால் ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. நல்ல மழை. ஃபோனில் சார்ஜ் இல்லை. பைக்கில் இரண்டு பேர் வந்து நிறுத்தி, எந்த ஊர், வீட்டில் யாரும் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டு என்னைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். கேன் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், கிட்டே வந்தால் முகத்தில் அடிப்பதென்று. நல்லவேளையாகக் கரும்பு டிராக்டர் ஒன்று வந்தது, அவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பாதி சிரிப்பாகச் சொன்னேன். அதோடு மறந்தும் போனேன். அதற்கு முந்தின சாயங்காலம் வண்டியை எடுத்துப் போனது அவர். பெட்ரோல் மீட்டரில் முள் கால் டேங்க் காட்டியிருக்கிறது, போதும் என்று பங்க் பக்கம் போகாமல் வந்துவிட்டார். இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து முள்ளை அவர் நம்புவதில்லை. காலை ஷிஃப்ட் வாரங்களில் சாயங்காலமே கொண்டுபோய் டேங்கை நிரப்பிவிடுவார். நைட் ஷிஃப்ட் வாரங்களில் அதற்கு நேரம் கிடையாது, அதனால் முள் சொல்வது நிஜமா என்று காதால் கேட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறமும் வண்டி கிளம்பவில்லை என்றதும், இது என்னை மறுபடியும் எங்கேயாவது நடு ரோட்டில் நிறுத்திவிடும் என்று பயந்து விற்கப் பார்த்திருக்கிறார்.

டீக்கடைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று நான் கிளம்பிவிட்டேன். சொசைட்டி வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன். பொடனியில் கண்ணா என்று தெருவில் வைத்துக் கேட்டேனே, அதை நினைத்து அழுதேன். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நினைத்தும் அழுதேன். அதைச் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

திரும்பி வந்தபோது அவர் தூங்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"சாச்சிப் பாருங்க. எவ்ளோ வேணா சாச்சிக்குங்க" என்றேன். "சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் படியிலிருந்து எழுந்தார். "திருக்கனூரானுக்கு இன்னா சொல்றது?"

"பால்காரி குடுக்கமாட்டேங்கறான்னு சொல்லுங்க."

என் எதிரிலேயே ஃபோன் போட்டு, "இல்லபா, வூட்ல அவங்களுக்கு வண்டி வேணும்" என்றார். கொடுத்த வாக்கை மாற்றுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. நாலு தரம் கோபிச்சிக்காதபா என்றார்.

முள் அவ்வப்போது சிக்கிக்கொள்கிறது, டேங்குக்குள் இருக்கும் மிதவையை மாற்றினால் சரியாகிவிடும் என்று பாய் சொன்னார். பார்க்கலாம் பாய் என்றேன். இன்னும் மாற்றவில்லை.

இப்போது சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் வாரங்களில், காலையில் கொட்டகையில் கறந்து முடிக்கிற நேரத்துக்கு வாசலில் கம்பெனி பஸ் நிற்கிற சத்தம் கேட்கும், செருப்புச் சத்தம் கேட்கும். அப்புறம் களக், களக். அதைக் கேட்காமல் நான் கேனை மூடுவதில்லை.