அறிவியலில் எழுபத்தொன்று

மதிப்பெண் குறைந்தால் வீட்டில் கவலைப்படுவார்கள். எனக்குக் கூடியதால் கவலை வந்தது. பேத்தி ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் அறிவியலில் நாற்பத்துமூன்று வாங்கியவள். பத்தாம் வகுப்பில் பள்ளியின் கபடி அணியில் சேர்ந்தாள். தினமும் இருட்டுகிற நேரத்தில் உடம்பெல்லாம் புழுதியோடு வந்தாள். காலாண்டுத் தேர்வில் எழுபத்தொன்று. இருபத்தெட்டு மதிப்பெண் சும்மா வராது.

என் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். மருமகளும் பேத்தியும் சங்கரன்கோவிலில் என்னோடு இருக்கிறார்கள். பொதுத்தேர்வு வருடத்தில் கபடி வேண்டுமா வேண்டாமா என்பதை அவன் என் பொறுப்பில் விட்டிருந்தான். காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், வேண்டாமென்றால் நிறுத்திவிடுவோம் என்றான். குறைந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஒரு சதுரத்தை அளந்து கயிறு கட்டி, அதில் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போட்டு, மகசூல் கணக்கிடுவோம். புது உரம் போட்டேன், நன்றாக விளைந்தது என்று ஒருவர் சொன்னால், உரம் போடாத பக்கத்துக் காட்டையும் பார்க்காமல் நம்ப மாட்டேன். பல தடவை அங்கேயும் விளைந்திருக்கும். அந்த வருடம் மழை பெய்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் காப்பி அடித்திருப்பாளோ என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று விசாரித்தேன். அந்தப் பிள்ளையின் மதிப்பெண் முப்பத்தெட்டு. விடைத்தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டினேன். எழுபத்தொன்றுதான். பிறகு விளையாட்டு டீச்சரும் அறிவியல் டீச்சரும் ஒரே ஸ்கூட்டரில் பள்ளிக்கு வருகிறார்கள் என்று மருமகள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அணியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அள்ளிப் போடுகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சாயங்காலம் பேத்திக்குத் தெரியாமல் பள்ளி மைதானத்துக்குப் போய், வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். பன்னிரண்டு பிள்ளைகள், பக்கத்துக்கு ஆறாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பேத்தி பாடிப் போனாள். ஆனால் அவள் வாயில் கபடி என்ற சொல்லே இல்லை. "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அடுத்தவள் அமிலங்களைச் சொல்லிப் போனாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள். விளையாட்டு டீச்சர் விசில் ஊதி அவளை வெளியே உட்கார வைத்தார். யாரும் தொடவே இல்லை, பாடத்தில் அவுட்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். ஒளிந்து நின்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பழக்கம் அறிவியல் டீச்சரும் தானும் ஸ்கூட்டரில் வரும்போது யோசித்தது என்று சொன்னார். ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் சொல்ல முடிகிறதோ அவ்வளவும் மனதில் நிற்கும் என்றார். மதிப்பெண் குறைந்த பிள்ளை யாராவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல அய்யா. டீம்ல எல்லாருக்கும் கூடியிருக்கு."

"ஒருத்திக்குக்கூட குறையலியா?"

"மூணு பேருக்குக் குறைஞ்சுது. அவங்கள டீம்ல இருந்து எடுத்துட்டேன்."

"குறைஞ்சதையெல்லாம் எடுத்துட்டா, மிச்சம் இருக்கதுல கூடாம என்ன செய்யும் டீச்சர்?"

 அவர், "கணக்கு வாத்தியாரா இருந்தீங்களோ அய்யா?" என்றார். இல்லை என்றேன். ஆடாத பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கூடியது என்றும் கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காட்டை அவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மகனிடம், இன்னும் தெளிவில்லை, சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி முடியட்டும் என்றேன்.

போட்டி சிவகிரியில் நடந்தது. மருமகளும் நானும் பஸ்ஸில் போனோம். கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் இருபத்துமூன்று. கடைசியாகப் பாடிப் போனது பேத்தி. கபடி கபடி என்றுதான் தொடங்கினாள். இரண்டு பேர் அவளை ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். அந்த நெருக்கடியில் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது. "ஃபுளூரின், நியான்" என்றாள். நடுவர் விசில் ஊதினார். கபடி என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது, அது விதி. அவளைத் திருப்பி அனுப்பி, எதிர் அணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். இருபத்துநான்கு, இருபத்துமூன்று.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, "பாடம் ஒப்பிக்கணும்னா அங்கன கிளாஸ்ல பெஞ்சுமேல ஏறி நிக்க வேண்டியதானட்டி" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மருமகள் திரும்பி முறைத்தாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

பஸ்ஸில் பேத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுப் படியில் ஏறும்போது சொன்னாள். "இனிமே கபடிக்குப் போவல தாத்தா. அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க."

நான் தேடிய முடிவு கேட்காமலே கிடைத்தது. ஆனாலும் உடனே மகனுக்குச் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு பிள்ளை விட்டுக்கொடுத்தால் அதிலும் ஏதோ இருக்கும் என்று தோன்றியது.

பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயும்வரை உட்கார்ந்திருப்பாள். பக்கம் மட்டும் திரும்பாது. நான் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த வகுப்புத் தேர்வில் ஐம்பதுக்குப் பத்தொன்பது. ஆடுகிற நேரமெல்லாம் படிப்புக்கு வந்து சேர்ந்தும் மதிப்பெண் விழுந்துவிட்டது.

தனிமங்களைச் சொல்லச் சொன்னேன். நியான் வரை சொல்லி நின்றாள். திரும்பவும் சொல்லச் சொன்னேன். நியானில் நின்றாள். அதற்கு அடுத்தது சோடியம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பத்தாவது தனிமம் வரை சொல்வாள், அதோடு உதட்டை மூடிக்கொள்வாள். சிவகிரியில் விசில் ஊதியது அந்த இடத்தில்தான் என்று எனக்கு மூன்றாவது தடவையில்தான் உறைத்தது.

"மாடிக்கு வாட்டி" என்றேன்.

மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வத்தலை மருமகள் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக நகர்த்தினாள். செங்கல் துண்டால் நடுவில் ஒரு கோடு போட்டேன். எதிர்ப் பக்கத்தில் நான் நின்றேன். எனக்கு எழுபத்துநான்கு வயது, இரண்டு முட்டியும் சரியில்லை.

"நீங்க விழுந்துருவீங்க தாத்தா."

"விழுந்தா ஒனக்குப் பாயிண்ட். வா."

முதல் தடவை நியானில் நின்று திரும்பிப் போய்விட்டாள். இரண்டாம் தடவை நான் வழியை மறித்துக் கையை விரித்தேன். குனிந்து நகர்ந்துகொண்டே சொன்னாள். நியான், சோடியம், மக்னீசியம். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததால் அவள் கையைக் கவனிக்கவில்லை. இருபதாவதான கால்சியத்தைச் சொல்லி என் தோளைத் தொட்டுவிட்டு ஓடினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கினாள். "அவுட் தாத்தா, வெளிய போங்க" என்றாள்.

மகனுக்குப் போன் செய்தேன். ஆடட்டும் என்றேன். அப்படியானால் கபடியால்தான் மதிப்பெண் கூடியது என்கிறீர்களா என்று கேட்டான். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை, ஒரு பிள்ளையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன்.

அவள் மறுநாள் மைதானத்துக்குப் போய்விட்டாள். அத்தனை சாயங்காலமும் விரித்து வைத்த புத்தகம் அதே பக்கத்தில் கிடந்ததை நினைத்துப் பார்த்தேன். நான் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்குமோ, நான் பார்க்க வேண்டுமென்றேதான் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்தாளோ? மருமகளிடம் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வத்தலை அள்ளப் போய்விட்டாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.