பூத்தராசில் ஒரு மோட்டார்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தங்கை கணவர், இனி அங்கே போக வேண்டாமென்று நினைத்ததற்குச் சொன்ன காரணம் புவியீர்ப்பு விசை. காந்தம் பதித்த தட்டை வேகமாகச் சுழற்றினால் எடை குறையும் என்று யூடியூபில் யாரோ சொல்லியிருக்கிறார். இவர் பழைய கிரைண்டர் மோட்டாரில் அப்படியொன்றைச் செய்து, கீரமங்கலத்திலுள்ள எங்கள் பூ கமிஷன் கடைக்குத் தூக்கி வந்துவிட்டார். தராசு என்னுடையது. நாலு அறிவியல் புத்தகம் படித்தவன் என்பதால் சாட்சியும் நான்தான். என் வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவோம் என்பது அவருக்குத் தெரியாது.

"கொறைஞ்சா இங்கிட்டே இருந்து இதையே பாக்குறேன் மச்சான். இல்லேன்னா டிக்கெட் போட்டுர்றேன்."

மோட்டார் உறுமியது. தராசில் எண் நடுங்கியது, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.

"அண்ணே, கொறையுதுல்ல?" என்றாள் தங்கை. "அப்ப இவுக போகமாட்டாகல்ல?"

எனக்கு வியப்பும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. தராசில் எதை வைத்தாலும் அடியில் ஈரச் சாக்கு விரிப்பது எங்கள் கடைப் பழக்கம், பூ வாடாது. அன்றும் யோசிக்காமல் விரித்திருந்தேன். மோட்டார் சூட்டில் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளித்த மல்லிகை மதியத்துக்குள் இளைப்பதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது புரிய அறிவியல் வேண்டியதில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம்.

"சாக்க எடுத்துட்டு ஒருதடவ ஓட்டுங்க மாப்பிள்ளை."

"எதுக்குண்ணே? நல்லாத்தான கொறையுது?" என்றாள் தங்கை.

தராசின் காய்ந்த பலகைமேல் மோட்டார் மறுபடி உறுமியது. எண் நடுங்கியது. இறங்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அவரே சுவிட்சை அணைத்தார்.

"அந்தாளு சாக்கப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே மச்சான்" என்றார்.

கிளம்புகிற அன்று அவருடைய பெட்டியை அதே தராசில்தான் வைத்தோம். விமானத்தில் அனுமதிக்கும் எடையைத் தாண்டியிருந்தது.

"சுத்திவிட்டுப் பாப்பமா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

தங்கை பெட்டியைத் திறந்து, தான் போட்டிருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்தாள். எண் இறங்கியது.

"இப்பச் சரியா இருக்காண்ணே?"

"சரியா இருக்கு" என்றேன்.