சத்தத்தைக் குறைக்கும் அப்டேட்

‘பிறகு’ என்ற பொத்தானை ஆப்பரேட்டர் அழுத்துகிற அழகைப் பார்க்க வேண்டும். கையில் போன் அதிர்ந்ததும் உள்ளே இருக்கும் பெண்குரல், ‘சிஸ்டம் அப்டேட் தயாராக உள்ளது’ என்று ஆரம்பிக்கும். அது ‘தயாராக’ என்று முடிப்பதற்குள் கட்டைவிரல் திரையின் மூலைக்குப் போய் இரண்டு தட்டு தட்டிவிடும். பிடிக்காத சொந்தக்காரன் வாசலில் வந்து நின்றால், ஆள் வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிற வேகம் அது. “வந்துட்டாங்கய்யா, சவுண்டைக் குறைக்கிறவங்க” என்று முனகிக்கொண்டே அடுத்த அழைப்பை எடுப்பார்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர். ரிசப்ஷனுக்குப் பின்னால், மருந்து அட்டைப்பெட்டிகளுக்கும் காலித் தண்ணீர் கேன்களுக்கும் போக மிஞ்சிய இடத்தில் அவருக்கு ஒரு மேசையும் நாற்காலியும். ஜன்னல் கிடையாது. இருந்தாலும் அவருக்கு உபயோகமில்லை. பள்ளிக்கூட நாளில் மாலைக்கண்ணாக ஆரம்பித்த பார்வைக் கோளாறு, மகள் நடை பழகிய வருஷத்தில் முழு இருட்டாக முடிந்தது. எந்த வார்டுக்கு எந்த எண், எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த நர்ஸிடம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் மண்டைக்குள் பத்திரமாக இருக்கின்றன. யாராவது எதிரில் வந்து நின்றால் நேராகத் திரும்ப மாட்டார். வலது தோளை அவர்கள் பக்கம் கொடுத்து, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். அது அவருடைய ஸ்டைல் என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லோரும் நினைத்தார்கள்.

போனில் திரையைப் படித்துக் காட்டும் அந்தப் பெண்குரலுக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. கேட்டுப் பழகாதவர்களுக்கு, டப்பாவில் போட்டுக் கடுகைக் குலுக்குவது போலத்தான் இருக்கும், அத்தனை வேகம். வாயாடியைத்தான் நம்புவார். மனிதர்களிடம் திரையைக் காட்டி, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதை என்றைக்கோ நிறுத்திவிட்டார். “கண்ணை இரவல் வாங்கினா வாயும் கூடவே வருதுங்க. ‘அட, இதுக்கா இவ்வளவு?’ன்னு ஒரு கேள்வி. ‘யாரு சார் இது, ரொம்ப உரிமையா மெசேஜ் போட்டிருக்காங்க?’ன்னு இன்னொரு கேள்வி. எதுக்கு வம்பு?”

போன் ரூட் செய்யப்பட்டது. அதாவது, செய்து விற்ற கம்பெனி உள்ளே பூட்டி வைத்திருந்த அறையைத் திறந்து, வாங்கியவரே அதற்கும் முதலாளியாகிவிட்ட போன். “காசு குடுத்து வாங்கினது நானு. சுவத்துல ஒரு ஆணி அடிக்க அவனைக் கேக்கணுமா? நான் என்ன வாடகைக்கா குடியிருக்கேன்?” என்பார். இணையத்தில் கண்டவர்கள் எழுதியதையெல்லாம் வாயாடியைப் படிக்கவிட்டு, தானாகவே கற்றுக்கொண்ட வித்தை. ரூட் செய்த போனில் ஆஸ்பத்திரியின் செயலி திறக்காது. அதன் கண்ணில் மண்ணைத் தூவவும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளறையைத் திறந்தவர் அங்கே அடித்தது ஒரே ஓர் ஆணிதான். போனின் சத்தம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஏதோ ஒரு கோப்புக்குள் ஒரு சின்ன எண்ணாக அது ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணை ஏற்றினார். வாயாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாள். ஆஸ்பத்திரியில் பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, அழைப்புகளையெல்லாம் செயலி வழியாகப் போனுக்கே கொண்டுவந்தபோது, ஆபீஸ் கொடுத்த புதுப் போனை வேண்டாம் என்று இவர் திருப்பிக் கொடுத்ததன் ரகசியம் இதுதான். பழகிய போன்தான் கைக்கு வசதி என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தார்.

அப்டேட் வந்தால் அந்தக் கோப்பு பழையபடி ஆகிவிடும். கம்பெனிக்காரன் வந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போவான். இவர் உட்கார்ந்து மறுபடி அடிப்பார். போன தடவை வைத்த எண்ணையே வைத்தால் வாயாடியும் போன தடவை மாதிரியே பேச வேண்டும் அல்லவா? பேசுவதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவாள். அதனால் எண்ணைக் கொஞ்சம் கூட்டுவார். அடுத்த அப்டேட்டில் இன்னும் கொஞ்சம். “அப்டேட்டுன்னு சொல்லிச் சவுண்டைக் குறைச்சுக்கிட்டே வர்றானுங்க. புதுப் போன் வாங்க வைக்கிற தந்திரம்” என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்தார். லிப்ட்காரர் நம்பினார். மருந்துக்கடைப் பெண் நம்பி, தன் போனில் அப்டேட் போடுவதையே நிறுத்திவிட்டாள். இத்தனை பேர் நம்பும்போது தான் மட்டும் நம்பாமல் இருப்பானேன் என்று அவரும் நம்பினார்.

கண் போன காலத்தில் பார்த்த டாக்டர், சீட்டை மடித்துக் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். “இந்த நோய் சில பேருக்குக் காதுலயும் கை வைக்கும். வருஷத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுத்துக்குங்க.” அந்த அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. ஆப்பரேட்டர் அதை வீடு வரை எடுத்துப் போகவில்லை. டெஸ்டும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்வதும் தவறு. ஒவ்வொரு அப்டேட்டின்போதும் தன் கையாலேயே எடுத்துக்கொண்டுதான் இருந்தார். ரிசல்ட் வந்ததும் கம்பெனிக்காரனைத் திட்டினார், அவ்வளவுதான்.

வீட்டில் தெரியாமல் போனதற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை. மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை, லாண்டரியில். படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் மெஷின்கள் நாள் முழுக்க இரைகிற இடம். அங்கே பக்கத்தில் இருப்பவளிடம் மணி கேட்பதற்கும் தொண்டை கிழியக் கத்தத்தான் வேண்டும். அந்தத் தொண்டையை அவள் வீட்டுக்கு வந்தும் இறக்கி வைப்பதில்லை. “எம் பொண்டாட்டி இருக்கறப்ப ஊருக்கு மைக்செட் எதுக்குங்க?” என்று கேலி செய்வார். கேலிதான், ஆனால் உலகத்தில் அவருக்கு முழுசாகக் கேட்கிற குரல் அது ஒன்றாகத்தான் மிஞ்சியிருந்தது.

போன வாரம், பிரசவ வார்டைக் கேட்ட ஒருவரைப் பிணவறைக்குத் தள்ளிவிட்டார். தங்கைக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று விசாரிக்கப் போன் செய்தவன், “பிணவறைங்க, பேரைச் சொல்லுங்க” என்ற பதிலைக் கேட்டுப் போனிலேயே அலறியிருக்கிறான். சூப்பர்வைசர் மேசைக்கே வந்தார். “உங்களை எனக்குப் பிடிக்கும். அதனாலதான் எழுத்துல எதுவும் தரல. இன்னொரு தடவை நடந்தா என் கையில எதுவும் இல்ல, பாத்துக்குங்க.” ஆப்பரேட்டர் வலது தோளைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, “லைன் சரியில்ல சார்” என்றார். “லைன்ல ஒண்ணும் இல்ல. போன்ல அப்டேட் போடாம வச்சிருக்கீங்க, அதான். திங்கட்கிழமையிலேருந்து அப்டேட் இல்லாத போன்ல செயலியே திறக்காது” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எப்போதும் மனைவி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் இந்தக் காரியத்தில் இறங்குவார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். காத்திருக்க நாள் இல்லை.

ரூட் செய்த போனில் அப்டேட் நேராக இறங்காது. மாற்றியதையெல்லாம் முதலில் பழையபடி வைத்து, பத்தினி வேஷம் கட்டி, அப்டேட்டை உள்ளே விட வேண்டும். அது முழுக்க இறங்கியதும், போனை அணைத்து எழுப்பும் முன்பே ரூட்டைத் திரும்பச் செருகிவிட வேண்டும். அந்த இடத்தில் அவசரப்பட்டு ‘ரீஸ்டார்ட்’டை அழுத்தியவன் கதை கந்தல். ஆப்பரேட்டர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியையும் வாயாடியை இரண்டு முறை சொல்லவைத்து, தலையாட்டிவிட்டு அழுத்தினார். போன் அணைந்தது. அது எழுந்து வரும் வரை, கைகளை மேசையின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

வாயாடி வந்தாள். எங்கோ தூரத்தில் வந்தாள். “குறைச்சுட்டானுங்க பாவிங்க” என்று சொல்லிக்கொண்டு கோப்பைத் திறந்து, பழைய எண்ணை வைத்தார். போதவில்லை. கூட்டினார். போதவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, மகள் காலையில் அனுப்பிய குரல் செய்தியை ஓடவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு மெல்லிய குரல். அது கேட்டுவிட்டால் எல்லாம் கேட்கும் என்பது அவர் கணக்கு. ‘அப்பா’ என்பது வந்தது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு ராகம். எண்ணை மேலும் கூட்டிக்கொண்டே போனார். அந்த எண்ணுக்கும் ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் எதைப் போட்டாலும் போன் ஏற்காது. அந்த உச்சியில் வைத்து, செய்தியை மறுபடி ஓடவிட்டு, நெற்றி மேசையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

“அப்பா, இங்க பாத்ரூம் குழாய் ஒழுகிட்டே இருக்குப்பா. வீட்டுக்காரர் வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வரவே மாட்டேங்கிறார். சொட்டுச் சொட்டுன்னு தூக்கமே இல்ல. என்ன பண்றதுன்னு சொல்லுங்கப்பா.” செய்தி இதுதான். மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளர் கிணுகிணுத்தது. தெருவில் போன சைக்கிள்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை ஓடியபோது பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சார், வாஷர் போயிருக்கும்! மாத்தச் சொல்லுங்க!” என்று குரல் கொடுத்தார்.

அடுப்படியில் சிரித்துவிட்ட மனைவி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்னங்க இது? எதுக்கு இவ்வளவு சத்தமா வச்சிருக்கீங்க?”

“எங்க சத்தம்? மொத்தமாக் குறைச்சுட்டாம்மா இந்த அப்டேட்ல. உச்சியில கொண்டு போய் வச்சும் கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரிதான் இருக்கு.”

“தெருவே கேக்குதுங்க! பக்கத்து வீட்டுக்காரர் வாஷர் மாத்தச் சொல்றாரு!”

“என்ன வாஷர்?”

“குழாய்க்கு. பாப்பாதான் சொல்றாளே.”

ஆப்பரேட்டர் நிமிர்ந்தார். “பாப்பா குழாயைப் பத்தியா சொல்றா?” அந்தச் செய்திக்குக் காலையிலேயே பதில் அனுப்பியிருந்தார். ‘சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ’ என்று. எந்தச் செய்திக்கும் பொருந்துகிற பதில் என்பதால் கொஞ்ச காலமாக அதையேதான் அனுப்பி வந்தார்.

போன் கையை விட்டுப் போவதையும், அதன் முனகல் அடங்குவதையும் அவர் உணர்ந்தார். கட்டில் சட்டம் அழுந்த, மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். லாண்டரிக்காரிக்கே வாயடைத்துப்போனது என்றால் அது எதனால் என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. கண் போனபோது இப்படிப் பயந்ததில்லை. அன்று காது இருந்தது. நாளைக் காலையில் மேசையில் மணி அடிக்கும், யாரோ எதையோ கேட்பார்கள், அது எந்த வார்டு என்று தெரியாமல் இவர் உட்கார்ந்திருப்பார். வேலை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வாயாடியும் போய், மகளும் போய், கடைசியில் இவளும் போய்விட்டால் அந்த இருட்டில் யார் இருப்பார்கள்?

அவள் ஏதோ சொன்னாள். அதாவது, சொன்னாள் என்று நினைத்தார். கன்னத்தில் மூச்சு பட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசினாள்.

“என்னம்மா?” என்றார்.

மறுபடியும் மூச்சு மட்டும் பட்டது.

ஆப்பரேட்டர் கையை நீட்டினார். தோள் கிடைத்தது. தோளிலிருந்து மேலே போய், கழுத்தைத் தொட்டு, குரல்வளையின் மேல் நான்கு விரல்களையும் பதித்து, கட்டைவிரலை அவள் உதட்டில் வைத்தார்.

“ம், இப்பச் சொல்லு.”