மூலையில் ஒரு சின்ன வெட்டு

"சார், உங்க டிசைன் கிழிஞ்சிபோச்சு!"

போன வாரம் ராணிப்பேட்டையிலிருந்து போன். லேசர் கட்டிங் கடை வைத்திருக்கும் முருகன். டிசைன் எப்படிக் கிழியும்? கிழிந்தது தகடு. ஆனால் பழி டிசைன் மேல்தான்... வரைந்து கொடுத்தவன் நானாயிற்றே!

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரி. அங்கே பசை தடவும் மெஷினில் பல்சக்கரத்தின் மூடி உடைந்துவிட்டது. ஆர்டர் அவசரமாம், மெஷினை நிறுத்தவில்லை. சுழலும் பல்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே செல்வி என்ற பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரைந்த புது மூடி தாமதமாகத் தாமதமாக, எனக்கு அவருடைய விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

ராணிப்பேட்டைக்கு ஓடினேன். மூடியின் நான்கு மூலையும் பல்லிளித்தன. தகட்டை மடித்தால் மூலையில் இழுபடும், கிழியும். அதனால் மடிப்புக் கோடு முடியும் இடத்தில் முன்கூட்டியே ஒரு சின்ன வெட்டு விடுவோம். பெண்ட் ரிலீஃப் என்று பெயர். என் டிராயிங்கில் இருந்தது. தகட்டில் இல்லை!

யார் கை வைத்தது? கட்டிங் நேரத்தை மிச்சம் பிடிக்க முருகனே எடுத்துவிட்டாரோ?

"நான் இன்னாத்துக்கு சார் எடுக்கப் போறேன்? தகடே மட்டமோன்னு எனக்கு டவுட்டு" என்றார். எனக்கு அவர் மேல் சந்தேகம், அவருக்குத் தகட்டுக் கடைக்காரர் மேல். ஃபைலைத் திறக்கச் சொன்னேன். அதிலேயே வெட்டுகள் இல்லை.

"இது நான் அனுப்பினது இல்லையே?"

"ஃபேக்டரி சேவியர் சார் அனுப்பினாரு. இதான் ஃபைனல்னாரு."

சேவியர் அங்கே குவாலிட்டி மேனேஜர். தோலின் ஓரத்தில் நகம் பட்டிருந்தாலும் ரிஜெக்ட் செய்கிற மனிதர். நேரே ஆம்பூர்!

"நான்தான் சார் எங்க ஆபீஸ் பையன்கிட்ட எடுக்கச் சொன்னேன். ஓரத்துல வெட்டு இருந்தா எங்களுக்கு அது டேமேஜ். உங்க பேரு கெட்டுடக் கூடாதேன்னு..."

என் மானத்தைக் காப்பாற்றினாராம். எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்து மேஜையில் ஷூவின் மேல்தோலை ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்கள். வளைவு வரும் இடங்களில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு.

"அது எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"வெட்டு வெக்கலன்னா மடிப்பு சுருங்கிடும் சார்."

"என்னோடதும் மடிக்கிறதுக்குத்தான் சார்."

"அது தோலு... இது இரும்பாச்சே" என்று இழுத்தார். ஆனாலும் முருகனுக்குப் போன் போட்டு, பழைய ஃபைலையே வெட்டச் சொன்னார்.

நம் தொழிலில் போடும் வெட்டு நுணுக்கம். அடுத்தவன் போட்டால் ஓட்டை! இப்படித்தானே இருக்கிறோம்?

நேற்று புது மூடி ஏறியது. பல்சக்கரம் உள்ளே, செல்வியின் பத்து விரலும் பத்திரமாக வெளியே. நிம்மதியாக மூச்சு விட்டேன். செல்வி மூடியைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், புதுசுலயே நாலு மூலையும் கிழிஞ்சிருக்கு?"

"அது டிசைன்மா!" என்று முந்திக்கொண்டார் சேவியர். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது குனிந்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.